சவரி மாமா தூங்குகிறார்

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் போன வாரம் தேநீர் விலையை மறுபடியும் பத்துக் காசு ஏற்றிவிட்டார்கள். சுவரில் ஒட்டிய அறிவிப்பின் பசைகூடக் காயவில்லை, அதற்குள் அங்கே வழக்கமாக உட்காரும் நாலைந்து பேர் சீனி விலையில் தொடங்கி உலகச் சண்டைகள் வரை ஒரு சுற்று வந்துவிட்டார்கள். நானும் என் பங்குக்குப் புலம்பிவிட்டுத்தான் மாடிக்கு வந்தேன். சமையலறை ஜன்னலைத் திறந்தபோது எதிர் புளோக்கில், எட்டாவது மாடியோ ஒன்பதாவதோ, ஒரு மூங்கில் கழியில் காக்கிச் சட்டை ஒன்று தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மழை வந்தது, யாரும் எடுக்கவில்லை. வெயில் வந்தது, காய்ந்தது. மறுநாளும் அங்கேயே தொங்கியது. மூன்றாம் நாளும் நான் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன்.

மகளிடம் சொன்னேன். "லீவுல எங்கயாச்சும் போயிருப்பாங்கலா அம்மா. உங்களுக்கு எதுக்கு டென்ஷன்?" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் ஆளில்லாத சட்டை எப்படித் தொங்கும் என்பது எனக்குத் தெரியும். மூன்று வருடம் அப்படி ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டவள் நான்.

அப்போது நாங்கள் தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாவு மில்லுக்கு மேலே குடியிருந்தோம். மில் ஓடுகிற நேரமெல்லாம் தரைப்பலகை அதிரும். மிளகாய் அரைக்கும் நாட்களில் மேலே எல்லோரும் தும்முவோம். புதிதாக வருபவர்கள் எங்கள் குடும்பத்துக்கே நிரந்தர ஜலதோஷம் என்று நினைத்துக்கொள்வார்கள். மல்லி வறுத்த வாசனையும் கீழே பூக்கடையின் மல்லிகையும் சாக்கடையும் சேர்ந்து மாடிப்படியில் ஒரு வாசம் இருக்கும். இன்றைக்கும் அதில் பாதி வாசம் எங்காவது வந்தால் மீதிப் பாதியை என் மூக்கே போட்டு நிரப்பிக்கொள்கிறது.

அந்த ஒற்றை மாடியைப் பலகையால் தடுத்து மூன்றாக்கியிருந்தார்கள். பின்னறையில் துறைமுகத்தில் வேலை பார்த்த நடேசன் அண்ணனும் அவர் மனைவி மக்களும். நடு அறையில் அம்மாவும் நானும். தெருவைப் பார்த்த முன்னறையில் சவரி மாமா. முழுப்பெயர் சவரிமுத்து. எங்களுக்கு உறவில்லை, எங்கள் மாதா கோயிலுக்கு வருபவர், அவ்வளவுதான். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆற்றோரத்தில் ஒரு கிடங்கில் ஜாகா வேலை, அதாவது காவல். காக்கிச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, பச்சை வெங்காயத்தைக் கடித்தபடி சத்தமே வராமல் சிரிப்பார்.

மாடி முழுவதும் அவர் பெயரில்தான் இருந்தது. உலகச் சண்டைக்கு முந்திய பழைய கட்டடங்களுக்கு வாடகையை ஏற்ற முடியாதபடி ஒரு சட்டம் இருந்த காலம் அது. அதனால் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து மாதம் நாற்பத்தைந்து வெள்ளி. சொன்னால் சிரிப்பீர்கள். இப்போது அதற்கு இரண்டு பேர் நல்ல சாப்பாடு சாப்பிட முடியாது. அப்போதே அது நம்ப முடியாத வாடகைதான். பக்கத்துச் சந்தில் ஒரு தடுப்பறைக்கே நூற்றைம்பது கேட்டார்கள். காலாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் பூதக்கண்ணாடிக்குக் கீழே தலைமுடி அளவு கம்பிகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் ஆர்டர் இல்லை என்று வாரத்துக்கு நாலு நாள் வேலையாக்கிவிட்டார்கள். அம்மா பாவாடை தைத்துக் கொடுத்து வருவதில்தான் அரிசி வாங்கினோம். அரசாங்க வீட்டுக்கு மனுப் போட்டு வரிசையில் நிற்கத்தான் செய்தோம். முன்பணத்தை எங்கிருந்து எடுப்பது என்று தெரியாததால், வரிசை மெதுவாக நகர்ந்தது எங்களுக்கு ஒருவகையில் வசதியாகவே இருந்தது.

மாதம் பிறந்தால் வாடகை வாங்க தாவூது பாய் வருவார். வீட்டு முதலாளியிடம் பல வருடமாக வேலை பார்த்தவர். நாகப்பட்டினத்துப் பக்கம். சவரி மாமாவுக்கு வேளாங்கண்ணிக்குப் பக்கத்து ஊர். இருவரும் ஒரே கப்பலில், சோற்றுக்கு ஒரே வரிசையில் நின்று வந்தவர்கள். பாய்க்கு முழங்கால் வலி. மாடி ஏற மாட்டார். அஞ்சடி என்று நாங்கள் சொல்லும் கடைமுன் நடைபாதையில் நின்று குடைக்காம்பால் தூணைத் தட்டுவார். நாங்கள் ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவோம். தெருவில் வருபவரிடம் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்குகிற அதே கூடைதான். வாடகை இறங்கும், ரசீது ஏறும். பிறகு சவரி மாமா இறங்கிப் போய் அவரோடு மில் வாசலில் உட்கார்ந்து ஒரு தேநீரை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடிப்பார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு டிசம்பரில் அப்படி உட்கார்ந்திருந்தபோது வாக்குவாதம் வந்தது. ஜன்னலில் நின்ற நானே கேட்டேன். படி இற்றுப்போய்விட்டது, முதலாளியிடம் சொல்லி மாற்றச் சொல் என்று சவரி மாமா சொல்ல, பாய் சிரித்துக்கொண்டே, "நீ குடுக்குற வாடகைக்கு ஜோகூர்ல கோழிக்கூண்டு கூடக் கெடைக்காது சவரி. படி வேற கேக்குறியா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். சவரி மாமாவுக்கு என்னவோ சுருக்கென்று தைத்துவிட்டது. கிளாஸை அப்படியே வைத்துவிட்டு மேலே வந்துவிட்டார். அந்த வாரமே கிறிஸ்துமஸுக்கு, கடல்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜோகூரில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை.

தங்கை மகன் வந்து சொன்னான். பூசைக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். "அடக்கம் அங்கயே நேத்து முடிஞ்சிருச்சு" என்றான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நடேசன் அண்ணன் அழவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

"தம்பி, இங்க வேற யாருக்காச்சும் சொன்னீங்களா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். அண்ணன் அவனைக் கீழே அழைத்துப்போய் வயிறு நிறையச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, யாரிடமும் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வந்ததும் கதவைச் சாத்தினார்.

"பேர்ல உள்ள ஆளு போயிட்டாருன்னு தெரிஞ்சா முதலாளி வீட்டை எடுத்துக்குவாருக்கா. நாம எல்லாம் அவருகிட்ட உள்வாடகைக்கு இருக்கிறவங்க. நம்மளுக்கு ஒரு பேப்பரும் கெடையாது. ரெண்டு மாசம் சும்மா இருப்போம். வீடு கெடைச்சதும் சொல்லிக்கலாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நாலு நாள் சம்பளக்காரி நான் தரையைப் பார்த்தேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். சட்டத்தில் உண்மையில் என்ன எழுதியிருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்களே என்று பயந்து யாரிடமும் கேட்கவும் இல்லை.

இப்படித்தான் சவரி மாமாவை உயிரோடு வைத்துக்கொள்ள ஆரம்பித்தோம். வாடகை நாளன்று காலையில் அவருடைய காக்கிச் சட்டையைச் சிவப்புச் சோப்புப் போட்டுத் துவைத்து முன்ஜன்னல் கழியில் தொங்கவிடுவது என் வேலை. படிக்கட்டின் அடியில் இருந்த அவர் செருப்பை அண்ணன் ஒரு நாள் இப்படியும் ஒரு நாள் அப்படியும் திருப்பி வைப்பார். பாய் கீழே நின்று, "சவரி இல்லையாம்மா?" என்று கேட்பார். வேலைக்குப் போயிருக்கிறார் என்போம். அடுத்த மாதம், இரண்டு வேலை சேர்த்துப் பார்த்துவிட்டுத் தூங்குகிறார் என்போம். தூங்குகிறார் என்ற பதில்தான் எனக்குச் சுலபமாக வந்தது. பாதி உண்மை போல இருந்ததாலோ என்னவோ.

இரண்டு மாதம் ஆறானது. ஆறு மாதம் வருடமானது. கோயிலில் கேட்டவர்களுக்கு அவர் ஜோகூரில் தங்கையோடு இருக்கிறார் என்று சொல்லியிருந்தோம். பாயிடமோ, முன்னறையில் இருக்கிறார் என்று. யாரிடம் எந்த ஊரைச் சொன்னோம் என்று நினைவில் வைத்துக்கொண்டு தெருவில் நடப்பதே பெரிய பாடாக இருந்தது. சந்தையில் பாய் தூரத்தில் வந்தால் நான் மீன்கடைப் பக்கம் திரும்பிவிடுவேன். நான் பயத்தில் வாங்கிய மீனை எல்லாம் அம்மா ஒன்றும் கேட்காமல் குழம்பு வைத்தாள்.

அம்மாவுக்குப் பயம் வேறு மாதிரி. கல்லறைத் திருநாளுக்கு முன்பு செத்தவர்களின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கோயிலில் கொடுப்போம், சாமியார் பூசையில் வாசிப்பார். முதல் வருடம் அம்மா என் அப்பாவின் பெயரை எழுதினாள். பேனாவை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். மை ஊறி ஒரு பெரிய புள்ளியானது. பிறகு சீட்டை மடித்துவிட்டாள்.

"அந்த மனுசனுக்கு யாரு ஜெபம் பண்ணுவா? நாம அவரைச் சாகவும் விடலையேடி" என்று அன்றைக்கு இரவு சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். அதன்பிறகு முன்னறைக்குள் தனியாகப் போக மாட்டாள். அந்த அறையின் திரைச்சீலை எப்போதும் மூடியே இருக்கும். மில் ஓடும்போது அது லேசாக ஆடும். நான் மில்லால்தான் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். சட்டையோ, போட ஆளில்லாமலே காலர் நைந்து, முழங்கை வெளுத்துப்போனது.

பாயும் மாறிக்கொண்டே வந்தார். முதலில் சிரித்தபடி கேட்டவர், பிறகு கழியில் தொங்கிய சட்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு பெருநாளுக்கு ஒரு சட்டி பிரியாணி கூடையில் ஏற்றிவிட்டு, "சவரிகிட்ட குடும்மா. நான் குடுத்தேன்னு சொல்லு" என்றார். ருசியாக இருந்தது, நாங்கள் ஏழு பேரும் சாப்பிட்டோம். அடுத்த மாதம், "என்ன சொன்னான்?" என்றார். நன்றாக இருந்தது என்றார் என்றேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுக் குடையை ஊன்றிக்கொண்டு போனார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் எங்களைச் சந்தேகப்படவே இல்லை. கோழிக்கூண்டுப் பேச்சுக்காகச் சவரி மாமா தன் முகத்தில் விழிக்காமல் இருக்கிறார் என்றுதான் இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

இதை அம்மாவிடம் சொன்னேன். நடேசன் அண்ணனிடமும் சொன்னேன். "பாவந்தான். அதுக்காக ஏழு பேரைத் தெருவுல நிறுத்த முடியுமா?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பாயிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவர் முதலாளியின் சம்பளம் வாங்குபவர். சொன்னால் பொய் சொல்லும் வேலை அவர் தலையில் ஏறும். இது இப்போது நான் சொல்லும் காரணம். அப்போதைய காரணம் பயம்தான்.

மூன்றாவது வருடம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தேன். வீட்டில் வேறு யாருமில்லை. மில்லும் ஓடவில்லை. படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஒரு தட்டு, ஒரு மூச்சு, ஒரு கால். மறுபடியும் ஒரு தட்டு. இற்றுப்போன அந்தப் படியில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஏறி வருகிறார்கள். எழுந்து வெளியே வந்தபோது தாவூது பாய் மேல்படியில் நின்றார். வெள்ளை ஜிப்பா, புதுத் தொப்பி. வேர்த்து நனைந்திருந்தார். வாடகை நாள் அல்ல. சட்டை கழியில் இல்லை.

"சவரி இருக்கானா?"

"தூங்குறாரு" என்றேன். என் வாய் அதைப் பழகி வைத்திருந்தது.

முக்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். மூச்சு அடங்கியதும், "ஹஜ்ஜுக்குப் போறேம்மா. போறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க எல்லாருகிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டுத்தான் போவணும். மனுசன் மன்னிக்காததை அல்லாவும் மன்னிக்கமாட்டான்னு எங்க வாப்பா சொல்வாங்க. எல்லாரையும் பாத்துட்டேன். இவன் ஒருத்தன்தான் பாக்கி" என்றார்.

எழுப்பட்டுமா என்று நான் கேட்கவில்லை. எழுப்பு என்று அவரும் சொல்லவில்லை. முக்காலியைத் திரைச்சீலையின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு அதனிடமே பேசினார்.

"சவரி. நான் தாவூது. அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அறிஞ்சும் அறியாமலும் நான் உனக்குச் செஞ்சது எல்லாத்தையும் மன்னிச்சிடு. மூஞ்சியக் காட்ட வேணாம். ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

திரை அசையவில்லை. அவர் காத்திருந்தார். காது மந்தமானவர் என்பதால் தலையைச் சாய்த்து, கையைக் காதோரம் குவித்துக்கொண்டு காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு நான் உள்ளே போனேன்.

உள்ளே மடக்கிய கட்டில், சுவரில் மாதா படம், ஒரு தகரப்பெட்டி. அங்கே நின்றேன். யாருடைய காலடியிலோ நிற்பதுபோல் இருந்தது. மாமா, என்ன செய்யட்டும் என்று மனதுக்குள் கேட்டேன். பிறகு வெளியே வந்தேன்.

"காய்ச்சல், எந்திரிக்க முடியல. மன்னிச்சிட்டேன்னு சொல்லச் சொன்னாரு."

"அவன் வாயால சொன்னானா?"

"சொன்னாரு பாய்."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு என் தலையில் கைவைத்து ஏதோ ஓதிவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இறக்கிவிட்டிருக்கலாம். பிடிக்கவில்லை. அந்தக் கையைத் தொட எனக்கு அருகதை இருப்பதாகத் தோன்றவில்லை.

அவர் மக்காவில் இருந்தபோது அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர் கோப்புகளோடு வந்தார்கள். வரிசைக் கட்டடம் முழுவதையும் எடுத்து இடிக்கப்போகிறார்களாம். கண்ணாடி போட்ட இளம்பெண் ஒருத்தி, யார் யார் இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். முதல் பெயராக அவள் கோப்பிலேயே சவரிமுத்து என்று இருந்தது. அவர் எங்கே என்றாள். நடேசன் அண்ணன் என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"இறந்துட்டாரு" என்றேன். மூன்று வருடத்தில் முதல் முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன்.

அவள் அளவுகோலை வைத்துப் பெயரின் மேல் ஒரு கோடு போட்டாள். "அடுத்த ஆள்?" என்றாள். இங்கே குடியிருந்ததற்கு ஏதாவது அத்தாட்சி இருந்தால் போதும், எல்லாக் குடும்பத்துக்கும் வீடு உண்டு என்றாள். பள்ளிக்கூடக் கடிதம், சம்பளச் சீட்டு, எதுவானாலும் சரியாம். அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அன்றைக்கே கோயிலுக்குப் போய்ப் பூசைக்குப் பெயர் கொடுத்தாள். சாமியார் அந்தப் பெயரை வாசித்தபோது, அன்றைக்குத்தான் செத்தவர்போல அவரை நினைத்து அழுதாள்.

இனி பாயிடம் சொல்லத் தடையில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் திரும்பி வந்து, நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நாளில் குடைக்காம்பால் தூணைத் தட்டினார். நானே கீழே இறங்கிப் போனேன். ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமும் சின்னப் போத்தலில் மக்காவின் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்தார். இளைத்திருந்தார். முகம் மட்டும் துடைத்து வைத்த வெண்கலம் போல இருந்தது.

"சவரிக்கு. காய்ச்சல் போச்சா? நீ அன்னிக்கு வந்து சொல்லலேன்னா நான் பிளேனே ஏறியிருக்க மாட்டேம்மா. இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறேன்" என்றார்.

வாயைத் திறந்தேன். "போச்சு பாய்" என்றேன். அந்தப் பொய்க்கு வாடகையைக் காரணம் சொல்ல முடியாது.

"எந்தப் பக்கம் வீடு குடுத்திருக்காங்க?"

"சுவா சூ காங்."

"அம்மாடி. அங்க கல்லறைதானே இருக்கு" என்று சிரித்தார். "அவ்வளவு தூரம் நான் எங்க வந்து பாக்குறது? சலாம் சொன்னேன்னு சொல்லு."

நாங்கள் இங்கே குடிவந்த இரண்டாம் வருடம் அவர் இறந்ததாக மில்காரர் சொல்லித் தெரிந்தது. சுவா சூ காங்கில்தான் அடக்கம் செய்தார்களாம், என் வீட்டிலிருந்து சில பஸ் நிறுத்தம் தள்ளி. போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். வேலை, கல்யாணம், பிள்ளை, வீட்டுத் தவணை என்று ஒவ்வொன்றாக வந்தது. இந்த ஊரில் ஒரு நாள் லீவு போடுவதற்கே நூறு தடவை யோசிக்க வேண்டியிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அம்மாவை அடக்கம் செய்த பிறகுதான் போனேன். அதற்குள் மில் போய்விட்டது. அந்தப் படிக்கட்டு போய்விட்டது. ஜன்னலிலிருந்து கூடை இறக்குவதை என் மகளுக்கு நடித்துத்தான் காட்ட வேண்டும். அண்ணன் குடும்பமும் உட்லண்ட்ஸ் பக்கம் போய், பிறகு தொடர்பே இல்லாமல் போய்விட்டது.

முஸ்லிம் கல்லறையான மையவாடியில் பழைய பகுதியை வேலி போட்டு அடைத்திருந்தார்கள். உள்ளே மண்ணள்ளும் இயந்திரம் நின்றது. அலுவலகத்தில் இருந்த இளைஞன் மரியாதையாகத்தான் பேசினான். "நெலம் பத்தலைலா ஆண்ட்டி. பதினஞ்சு வருஷம் ஆனா எடுத்து, பல பேரைச் சேர்த்து வேற எடத்துல வச்சிடுவோம். பேர் சொல்லுங்க, தேடித் தர்றேன்."

"தாவூது" என்றேன்.

அவன் கணினியைப் பார்த்தான். "நெறைய தாவூது இருக்காங்க. அவரோட அப்பா பேரு என்ன?"

வாப்பா சொல்வாங்க என்று அவர் சொன்னது ஞாபகம் இருந்தது. அந்த வாப்பாவின் பெயரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தெரியாது என்றேன். அவன் நான் யார் என்று கேட்டான். நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சவரி மாமா தந்ததாகச் சொல்லி நான் பாய்க்கு ஒரு மன்னிப்பைக் கொடுத்தேன். எனக்கு ஒரு மன்னிப்புக் கேட்க, இந்த ஊரில் இனி அவர் இருக்கும் இடமும் எனக்குத் தெரியாது.